பறவைத் தெனார்: ஆயிரம் ஆண்டுப் பழைய போலந்து நாணயத்தை அடித்துப் பார்த்த அனுபவம்

போன சனிக்கிழமை மாலை, முப்பத்தேழாவது வெள்ளி வில்லையில் அச்சு முழுதாக விழுந்தது. பறவையின் கொண்டை, அலகு, வால், சுற்றிலும் பதினான்கு எழுத்துகள், எல்லாம் ஒரே அடியில். அதற்கு முந்தைய முப்பத்தாறில் ஒன்றில்கூட இரண்டு பக்கமும் சரியாக வரவில்லை. பிப்ரவரியில் தொடங்கிய வேலை செப்டம்பரில் கைகூடியது. வழியில் எங்கெங்கே தவறினேன் என்பது மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

நான் வசிப்பது போஸ்னானில். இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் க்னெஸ்னோ போய்விடலாம். போலந்து அரசின் தொடக்கம் என்று பேசினால் எல்லோரும் கைகாட்டும் ஊர் அது. அந்த மண்ணில் போலஸ்வாவ் ஹ்ரோப்ரி 992 முதல் 1025 வரை ஆண்டார்; கடைசி ஆண்டில்தான் முடிசூட்டிக்கொண்டார். அவர் வெளியிட்ட வெள்ளித் தெனார்களில் ஒன்றில் ஒரு பக்கம் கொண்டை வைத்த பறவை, மறுபக்கம் சிலுவை. இரண்டு பக்கமும் சுற்றிலும் ஒரே வாசகம்: ‘பிரின்செஸ் பொலோனியே’ (PRINCES POLONIE). போலந்தின் கோமகன் என்று பொருள். ஒரு நாட்டின் பெயர் எழுத்தில் தோன்றும் மிகப் பழைய இடங்களில் ஒன்று, விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய வெள்ளித் தகடு. கிராகூவின் சாப்ஸ்கி அருங்காட்சியகத்தில் அந்தக் காலத்துத் தெனார்களைக் கண்ணாடிக்கு அப்பால் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். சேலத்தில் என் தாய்மாமாவின் கொலுசுப் பட்டறையில் வளர்ந்தவன் நான். வெள்ளியைப் பார்த்தால் இதை எப்படிச் செய்திருப்பார்கள் என்றுதான் கை முதலில் கேட்கும்.

ஹ்ரோப்ரியின் நாணயங்கள் பல வகை. க்னெஸ்னோ நகரின் பெயர் பொறித்தது ஒன்று. அவர் பெயரைச் சிரிலிக் எழுத்தில் தாங்கியது இன்னொன்று. அதை 1018இல் அவர் கீவ் மீது படையெடுத்ததோடு சேர்த்துப் பேசுவார்கள். நான் பறவையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது. விட்டம் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர், எழுத்துகள் பெரியவை, வெட்டுவது சுலபம் என்று நினைத்தேன். வெட்டுவது சுலபம்தான். அடிப்பதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பதை அப்போது யோசிக்கவில்லை.

முதல் வேலை குத்துளிகள். அந்தக் காலத்து அச்சுக் கொல்லர்கள் எழுத்துகளைச் செதுக்கவில்லை. சிறிய குத்துளிகளால் குத்திக் கூட்டினார்கள். நாணயத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். நிமிர்ந்த கோடெல்லாம் ஒரே ஆப்பு வடிவம், வளைவெல்லாம் ஒரே பிறை. 4 மில்லிமீட்டர் கருவி எஃகுக் கம்பியை எட்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி ஐந்து குத்துளி செய்தேன்: நீள ஆப்பு, குட்டை ஆப்பு, பிறை, வளையம், புள்ளி. வளையம்தான் படுத்தியது. கம்பியின் நுனியில் 0.8 மில்லிமீட்டர் துளை போட்டு, வெளிப்பக்கத்தை அரத்தால் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். துளை நடுவில் விழாமல் நான்கு கம்பிகள் வீணாயின, மூன்று துளையிடும் ஊசிகள் ஒடிந்தன. ஐந்தாவது கம்பியில் தேறியது.

எழுத்துகளை எண்ணிப் பார்த்தேன். ‘ஓ’ என்றால் வளையம் ஒரு குத்து. ‘பி’ என்றால் ஆப்பு ஒன்று, பிறை ஒன்று. ‘இ’ (E) என்றால் நீள ஆப்பு ஒன்று, குட்டை ஆப்பு மூன்று. பதினான்கு எழுத்துக்கும் கூட்டினால் ஒரு பக்கத்துக்கு முப்பது இடத்தில் குத்துளி வைத்தால் போதும். ஒரு வாரம் ஆகும் என்று நினைத்த எழுத்து வேலை ஒரே மாலையில் முடிந்தது. நாணயம் அடிக்கும் அக்கசாலை ஒன்றில் நாள் முழுதும் இதையே செய்தவர் எத்தனை விரைவாக ஓர் அச்சை முடித்திருப்பார் என்று அப்போதுதான் விளங்கியது.

பறவையும் அப்படியே. அது கழுகா, மயிலா, சேவலா, புறாவா என்று இங்கே அறிஞர்கள் நெடுங்காலமாக வாதாடுகிறார்கள். குத்துளியைக் கையில் பிடித்த பிறகு என் பார்வை மாறிவிட்டது. உடல் நீண்ட வளைவு, கால்கள் குட்டை ஆப்பு, கண் புள்ளி. எழுத்துக்கு இருக்கும் அதே ஐந்து கருவிகள்தான் பறவைக்கும். கழுகின் வளைந்த அலகையோ சேவலின் தாடியையோ காட்டுவதற்கு அந்தப் பெட்டியில் தனிக் கருவி கிடையாது. ஆனால் கொண்டையை வைக்க அந்த அச்சுக் கொல்லர் தனியாக மெனக்கெட்டிருக்கிறார். தலைக்கு மேல் இருக்கும் துளி இடத்தில், பக்கத்துக் கோட்டைக் கெடுக்காமல் குத்துவது எளிதல்ல. நான் இரண்டு முறை கெடுத்தேன். தேவை இல்லாமல் யாரும் அந்த இடத்தில் கை வைக்கமாட்டார்கள். அதனால் என் மனம் மயிலின் பக்கம் சாய்கிறது. சேலத்துக்கு வெளியே சோளக்காட்டில் மயில் பார்த்து வளர்ந்தவன் என்பதால் வந்த சாய்வாகவும் இருக்கலாம்.

முதல் அச்சு சாதாரண இரும்பில். பழகுவதற்கு மலிவாக இருக்கட்டும் என்று 32 மில்லிமீட்டர் உருளையை வெட்டி, முகத்தை அரத்தால் மட்டமாக்கி, கண்ணாடிப் பலகைமேல் உப்புத்தாள் ஒட்டித் தேய்த்தேன். நடுவில் ஒரு புள்ளி குத்தி, கவராயத்தால் 12, 17, 19 மில்லிமீட்டர் விட்டத்தில் மூன்று வட்டம் கீறினேன். எழுத்துகள் 12க்கும் 17க்கும் இடையில். நடுக்கோட்டின் சுற்றளவு 45.5 மில்லிமீட்டர். தொடக்கத்தைக் காட்டும் சிறு சிலுவையோடு சேர்த்துப் பதினைந்து இடம், ஆளுக்கு 3 மில்லிமீட்டர்.

இந்த அளவெடுப்பில் ஒரு விஷயம் கிடைத்தது. இலத்தீனில் முறையாக எழுதினால் அது ‘பிரின்செப்ஸ்’. நாணயத்தில் நடுவே ஒரு ‘பி’ விடுபட்டிருக்கிறது. இடம் போதாமல் விட்டிருப்பார் என்றே எண்ணியிருந்தேன். ஆனால் அந்த எழுத்தையும் சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் 2.85 மில்லிமீட்டர் கிடைக்கிறது. குறைவது 0.2கூட இல்லை, தாராளமாக அடங்கும். அடக்கியும் பார்த்தேன். இடநெருக்கடி காரணம் அல்ல. காதில் விழுந்தபடி குத்தியிருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது.

அச்சில் எல்லாம் இடவலம் மாற்றி வெட்ட வேண்டும் என்பது தெரியும். எழுத்துகளின் வரிசையை மாற்றினேன், ‘பி’யின் வயிற்றைத் திருப்பினேன், ‘எஸ்’ஸைத் திருப்பினேன். ‘என்’னின் குறுக்குக் கோட்டை மட்டும் கை பழக்கத்தில் நேராகவே குத்திவிட்டது. இரண்டு ‘என்’னும் அப்படியே. செம்புத் தகட்டில் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இடைக்கால நாணயங்களில் திரும்பிய ‘என்’ அடிக்கடி தென்படும். அதைப் படிப்பறிவில்லாத கொல்லனின் பிழை என்று எழுதுவதை வாசித்திருக்கிறேன். எனக்கு அந்த எழுத்துகள் நன்றாகத் தெரியும்; அப்படியும் பிழை செய்தேன். அச்சைத் திருப்பி யோசித்து யோசித்துக் கை அசந்துபோகும் இடம் அது. அடுத்த அச்சிலிருந்து ஒவ்வொரு எழுத்தும் முடிந்தவுடன் குழந்தைகளின் விளையாட்டு மெழுகுக் களிமண்ணில் அழுத்திப் பார்த்தேன். பத்து விநாடி வேலை. அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

அந்த அச்சு எப்படியும் நிலைத்திருக்காது. எட்டாவது அடியில் எழுத்துகளின் விளிம்பு மழுங்கி, முகமே நடுவில் குழிந்துவிட்டது.

இரண்டாவது அச்சுக்குக் கருவி எஃகு வாங்கினேன். மென்மையான நிலையில் குத்தி முடித்து, பிறகு தோய்ச்சல் கொடுக்க வேண்டும்; அதாவது சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்து இறுக்க வேண்டும். மரக்கரி அடுப்பு, முடி உலர்த்தும் கருவியின் காற்று. செங்காவி நிறம் வந்ததும் காந்தத்தைக் காட்டினேன். எஃகு 770 பாகை செல்சியஸை ஒட்டிக் காந்தத்தை விட்டுவிடும். அதற்குச் சற்று மேலே போனதும் எடுத்து வாளித் தண்ணீரில் விட்டேன். ‘டிக்’ என்று ஒரு மெல்லிய சத்தம். வெளியே எடுத்தால் பறவையின் கழுத்தை ஊடறுத்து விளிம்புவரை ஒரு விரிசல். நான் வாங்கியது எண்ணெயில் தோய்க்க வேண்டிய எஃகு. கடைக்காரர் சீட்டில் எழுதியே கொடுத்திருந்தார், நான் படிக்கவில்லை. மூன்று வாரத்து வேலை அந்தச் சத்தத்தோடு போயிற்று.

மூன்றாவதாக வெட்டிய மேல், கீழ் அச்சு ஜோடியைத் தோய்ப்பதற்கு முன் முகத்தில் கரித்தூளையும் சோப்பையும் குழைத்துப் பூசினேன். செதில் படியாமல் காக்கும். எண்ணெய், இங்கே சமையலுக்கு வாங்கும் ரேப்சீட் எண்ணெய்தான், நான்கு லிட்டர், 50 பாகைக்குச் சூடாக்கியது. அச்சை முகம் கீழாக இறக்கி, கலக்கிக்கொண்டே ஆறவிட்டேன். அரத்தை வைத்தால் வழுக்கியது. பிறகு சமையலறை ஓவனில் 230 பாகையில் இரண்டு மணி நேரம். தேய்த்த விளிம்பில் வைக்கோல் நிறம் ஏறியதும் அணைத்தேன். வீடு முழுக்க எண்ணெய்ப் புகை வாடை இரண்டு நாள் இருந்தது. இந்த ஜோடி இன்றுவரை விரிசல் காணவில்லை.

இனி வெள்ளி. 100 கிராம் சுத்த வெள்ளி மணிகள், அதோடு 8.1 கிராம் செம்பு. ஆயிரத்துக்கு 925 தரம். மூசையில் வெங்காரம் தூவி இரண்டு தவணையாக உருக்கி, 4 மில்லிமீட்டர் கனத்தில் பாளமாக வார்த்தேன். உருட்டு இயந்திரம் வேண்டாம், சுத்தியலால்தான் தட்ட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். 19 மில்லிமீட்டர் வில்லை அரை மில்லிமீட்டர் கனத்தில் 1.47 கிராம் வரும். ஹ்ரோப்ரியின் தெனார்கள் கிடைக்கும் எடைக்கு அது பொருந்தும்.

வெள்ளியைத் தட்டத் தட்ட இறுகும். இறுகியதைச் சூடேற்றி இளக்கிவிட்டுத்தான் மறுபடி தட்ட வேண்டும். மாமா தொலைபேசியில் முதலில் சொன்னதே அதுதான்: “மாப்பிள்ளை, தகடு கூப்பிடும். சத்தம் மாறினால் நிறுத்திவிடு, அடுப்பில் வை.” உண்மைதான். இளகிய தகடு மந்தமாகத் ‘தொப் தொப்’ என்கிறது. இறுகிய தகடு கணீரென்று கேட்கிறது. அதைக் காது பழகுவதற்குள் முதல் பாளத்தின் ஓரமெல்லாம் வெடித்துவிட்டது. இரண்டாவது பாளத்தை வெயில் அடிக்கும் வாசலில் வைத்துச் சூடேற்றியதால் மங்கிய சிவப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு மூலை உருகி உருண்டுகொண்டது. கதவைச் சாத்தி இருட்டில் செய்யத் தொடங்கிய பிறகு பிரச்சினை இல்லை. தகட்டில் அழியா மைப் பேனாவால் ஒரு கோடு போட்டு, அது மறையும்போது நெருப்பை எடுப்பதும் நல்ல வழி. 4 மில்லிமீட்டரிலிருந்து அரை மில்லிமீட்டருக்கு வர, பதினொரு முறை இளக்க வேண்டியிருந்தது.

நெருப்புக்குப் பிறகு தகடு கறுத்துப்போகும். இங்குள்ள நகைக்கடைப் பொருள் விற்பவர்கள் அதற்கு ஓர் அமிலத் தூள் தருகிறார்கள். நான் மாமாவின் வழியில் புளியைக் கரைத்து, உப்புப் போட்டு, அதில் கொதிக்கவைத்தேன். கால் மணி நேரத்தில் பால் வெள்ளையாக வெளிவந்தது. எங்கள் பட்டறையில் மாலை ஆறு மணிக்கு எழும் வாசனை போஸ்னானின் ஒரு தோட்டக் கொட்டகையில் எழுந்தபோது சற்று நேரம் வேலை ஓடவில்லை.

கத்தரியால் வெட்டியதில் 43 வில்லைகள் தேறின. கனம் 0.4 முதல் 0.6 வரை, எடை 1.15 முதல் 1.7 கிராம் வரை சிதறியது. முதலில் வருத்தமாக இருந்தது. பிறகு நினைத்துப் பார்த்தேன்: ஒரே அச்சில் அடித்த பழைய தெனார்களிலும் இந்தச் சிதறல் உண்டு. தகட்டைக் கையால் தட்டும்வரை அதைத் தவிர்க்க முடியாது.

அடிக்கும் இடம் பக்கத்து வீட்டுப் பெரியவரின் தோட்டக் கொட்டகை. ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி. கருவாலி மரக் கட்டையில் துளை போட்டுக் கீழ் அச்சை அதன் வாலோடு இறக்கினோம். மேல் அச்சை நான் இடக்கையில் பிடித்து, வலக்கையில் ஒரு கிலோ சுத்தியலால் மூன்று நான்கு முறை அடித்தேன். முதல் பன்னிரண்டு வில்லையில் பறவைக்கு இரண்டு தலை, எழுத்துகளுக்கு நிழல். அடிக்கு அடி வில்லை துள்ளி நகர்கிறது. ஒரு மணி நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து போய் இரண்டு கிலோ சம்மட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். “ராஸ், அ மோட்ஸ்னோ” என்றார். ஒரே அடி, ஆனால் பலமாக. மேல் அச்சை நீளக் குறடால் அவர் பிடித்துக்கொண்டார்.

இரட்டை உருவம் அன்றே போயிற்று. ஆனால் நடுப்பகுதி மட்டும் தெளிவு, எழுத்துகள் மங்கல். அச்சின் முகத்தில் நேர்கோல் வைத்துப் பார்த்தால் விளிம்பு 0.1 மில்லிமீட்டர் சரிந்திருந்தது; உப்புத்தாளில் தேய்க்கும்போது கை சாய்ந்ததன் விளைவு. எண்ணெய்க்கல்லில் வைத்து இரண்டு மாலை தேய்த்து மட்டமாக்கினேன். எழுத்து வந்துவிட்டது. அடுத்த சிக்கல்தான் எனக்குப் பிடிபடவே இல்லை: பறவையின் மார்பு ஒவ்வொரு முறையும் வழுக்கையாக வந்தது. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அந்த இடம் மட்டும் வெறுமை.

வில்லையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது புரிந்தது. வழுக்கை விழும் இடத்துக்கு நேர் பின்னால் சிலுவையின் ஒரு கை இருக்கிறது. அங்கே இரண்டு பக்கமும் அச்சில் குழி. அரை மில்லிமீட்டர் தகட்டில் இரண்டு குழியையும் நிரப்ப வெள்ளி இல்லை. மேல் அச்சை 45 பாகை திருப்பினேன். சிலுவையின் கைகளுக்கு இடையில் உள்ள வெற்றிடம் பறவையின் மார்புக்கு நேராக வந்தது. முப்பத்தேழாவது வில்லை அதுதான். அடித்து, பெரியவர் குறடைத் தூக்கியதும், கீழ் அச்சில் ஒட்டிக்கொண்டிருந்த வில்லையை நகத்தால் நெம்பி எடுத்தேன். சூடாக இருந்தது. மார்பில் நான் குத்திய ஆப்புக் கோடுகள் ஒவ்வொன்றும் எண்ணும்படி நின்றன. பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார்: பொ-லோ-னி-யே. அவர் நாட்டின் பெயர். என் உள்ளங்கையிலிருந்து அதை அவர் எடுத்துக்கொண்ட விதத்தை என்னால் எழுத முடியாது.

மீதமிருந்த ஆறு வில்லைகளில் நான்கு நன்றாக வந்தன. ஆக ஐந்து. கெட்டுப்போன 38ஐயும் உருக்கவில்லை. வரிசையாக ஒரு தட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். நல்ல ஐந்திலும் விளிம்பில் என் பெயரின் முதலெழுத்தையும் ஆண்டையும் குத்திவிட்டேன், பெரியவரிடம் கொடுத்ததிலும்கூட. பழையது என்று சொல்லி யாரும் இதை விற்றுவிடக் கூடாது. இந்த வேலையில் இறங்குபவர்கள் அதை முதல் நாளே உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செலவு: வெள்ளி 430 ஸ்லோட்டி, அச்சு எஃகு 90, வாயு விளக்கு 150, மூசையும் வெங்காரமும் 45, குத்துளிக் கம்பிகள் 32, சுத்தியல் 65, எண்ணெய் 20, துளையிடும் ஊசிகள் 14. மொத்தம் 846 ஸ்லோட்டி; நம் பணத்தில் அப்போது ஏறத்தாழ 18,000 ரூபாய். செம்பு, பழைய மின்கம்பியிலிருந்து. இரண்டு கிலோ சம்மட்டி பெரியவருடையது. வெட்டியது போக 46 கிராம் வெள்ளி கையிருப்பில் இருக்கிறது.

அடுத்த முறை பெரிய நாணயத்தில் தொடங்கமாட்டேன். 19 மில்லிமீட்டர் வட்டத்தின் பரப்பு 283 சதுர மில்லிமீட்டர். 15 என்றால் 177தான். அடியின் பலம் அதே. சின்ன நாணயத்தில் அது ஒன்றரை மடங்கு ஆழமாக வேலை செய்யும். 1079 முதல் 1102 வரை ஆண்ட வ்வதிஸ்வாவ் ஹெர்மனின் தெனார் அந்த அளவுதான்: ஒரு பக்கம் தலை, மறுபக்கம் மூன்று கோபுரக் கட்டடம், கிராகூவின் பெயர். பிறகு, கனமே இல்லாத தகட்டில் ஒரே அச்சை வைத்துத் தோலின் மேல் அடிக்கும் பிராக்டியேட்டுகள். அவற்றில் போலந்துக் கோமகன் முதிய மியெஷ்கோவின் பெயரை ஹீப்ரூ எழுத்தில் பொறித்த யூத அச்சுக் கொல்லர்களின் வேலைதான் என்னை இழுக்கிறது. ஹீப்ரூவை இடவலம் மாற்றிக் குத்துவதற்கு முன் இன்னும் நிறையக் களிமண் வாங்க வேண்டும்.

ஹெர்மனுக்கான எஃகு நேற்று வெட்டியாயிற்று. இம்முறை கையால் அல்ல. பெரியவர் தன் லேத்தில் முகத்தை மட்டம் பிடித்துக் கொடுத்திருக்கிறார். நேர்கோல் வைத்துப் பார்த்தேன், வெளிச்சம் கசியவில்லை. கோபுரத்துக்குப் புதிதாக ஒரு குத்துளி வேண்டும், சதுர முனை, 1.2 மில்லிமீட்டர்.